கூண்டுக்குள் ஒரு பாத்தி

காலை பத்து மணிக்குப் பார்த்தபோது நாற்றுகள் நிமிர்ந்து நின்றன. மதியம் இரண்டு மணிக்குப் போய்த் தாளைத் தூக்கியபோது, கொதிக்கும் பானையின் மூடியைத் திறந்தால் வருமே, அப்படி ஓர் ஆவி முகத்தில் அடித்தது. பதினாறு தக்காளி நாற்றுகளும் துவண்டு மண்ணில் படுத்திருந்தன. இலைகள் வெந்த கீரையின் நிறத்துக்கு வந்திருந்தன. வெளியே குளிர்காற்றுதான் வீசிக்கொண்டிருந்தது. நானே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் தோட்டத்துக்குள் போயிருந்தேன்.

ஆறு வாரம் தட்டில் வளர்த்து, முந்தைய நாள் மாலைதான் பாத்தியில் நட்டிருந்தேன். இரவுக் குளிர் தாக்கக் கூடாது என்று வளையங்களைக் குத்தி, பாலித்தீன் தாளைப் போர்த்தி, ஓரம் முழுவதும் மண்ணை அள்ளிப்போட்டு, ஓர் எறும்பு நுழையவும் இடமில்லாமல் அடைத்திருந்தேன். அந்த அடைப்பின் நேர்த்தியைப் பற்றி எனக்கு உள்ளூரப் பெருமைகூட இருந்தது.

“செடிக்குப் போர்வை போர்த்தினாயா, அடுப்பில் ஏற்றினாயா?” என்று கேட்டார் அம்மா.

கூண்டு என்று நான் சொல்வது பெரிய அமைப்பு ஒன்றும் இல்லை. பாத்தியின் குறுக்கே வில்லாக வளைத்துக் குத்திய சில கம்பிகள், அவற்றின்மேல் தாளோ வலையோ துணியோ ஒரு போர்வை. கூண்டு வண்டியின் கூரையைக் கழற்றித் தரையில் வைத்தாற்போல் இருக்கும். உயரம் முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவில். உள்ளே ஆள் நுழைய முடியாது. நுழைய முடிந்தால் அது பசுமைக்குடில், அதற்குக் கால் நடுவது, கதவு வைப்பது என்று வேறு கதை. விற்பவர்கள் இதை லோ டனல் என்கிறார்கள். எனக்குக் கூண்டு என்ற சொல்தான் சரியாகப் படுகிறது. காப்பாற்றுவதற்கும் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறோம், சிறைவைப்பதற்கும் அதையேதான் சொல்கிறோம்.

இதைப் போடுவது அரை நாள் வேலை. ஆனால் போட்ட மறுநாளிலிருந்து, அதுவரை காற்றும் மழையும் தேனீயும் பொறிவண்டும் கூலி கேட்காமல் செய்துகொண்டிருந்த வேலைகள் ஒவ்வொன்றாக நம் தலையில் வந்து விழும். எது எப்போது விழும் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்தப் பதினாறு நாற்றுகளும் பிழைத்திருக்கும்.

முதலில் வளையம். 1 மீட்டர் அகலப் பாத்திக்கு அரைவட்டத்தின் நீளம் 1.57 மீட்டர். இரண்டு முனைகளும் 20 சென்டிமீட்டராவது மண்ணுக்குள் போனால்தான் பிடிப்பு இருக்கும். ஆக, ஒரு வளையத்துக்கு 2 மீட்டர் கம்பி. உச்சியில் அரை மீட்டர் உயரம் கிடைக்கும். கீரைக்கும் முட்டைக்கோசுக்கும் எந்தப் பயிரின் இளநாற்றுக்கும் இது தாராளம். தக்காளியும் கத்தரியும் சில வாரங்களில் கூரையை முட்டிவிடும். அவற்றுக்கு 2.5 மீட்டர் எடுத்துக் கொஞ்சம் கூம்பலாக வளைத்தால் உயரம் 80 சென்டிமீட்டர் வரை வரும். ஆனால் உயரம் கூடக் கூட காற்றுக்கு மார்பைக் காட்டும் பரப்பும் கூடும் என்பதால், தேவை இல்லாமல் உயர்த்தாமல் இருப்பதே நல்லது.

வளையங்களை எண்ணுவதில் நான் செய்த தவறைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பாத்தி 4 மீட்டர், மீட்டருக்கு ஒன்று, ஆகவே நான்கு வளையங்கள் என்று வெட்டி வைத்துக்கொண்டேன். குத்தி முடித்த பிறகுதான் கடைசி மீட்டர் மொட்டையாக நிற்பது தெரிந்தது. நான்கு இடைவெளிக்கு ஐந்து வளையம் வேண்டும். வலைக்கும் துணிக்கும் ஒரு மீட்டர் இடைவெளி போதும். பாலித்தீன் தாளுக்கு 60 முதல் 75 சென்டிமீட்டர். அதற்கு மேல் போனால் இரண்டு வளையத்துக்கும் நடுவில் மழைநீர் தேங்கித் தொட்டியாகிவிடும். தேங்கிய நீரின் பாரம் தாளை இழுக்கும், தாள் வளையத்தைச் சாய்க்கும், காலையில் போய்ப் பார்த்தால் கூண்டு முழுவதும் செடிமேல் படுத்திருக்கும். இரு முனையிலும் ஒரு முளை அடித்து, எல்லா வளையங்களின் உச்சியையும் ஒரே கயிற்றால் சுற்றிச் சுற்றி இணைத்து இழுத்துக் கட்டினால் பாதித் தொல்லை தீரும். ஓட்டு வீட்டுக்கு முகட்டு மரம் எப்படியோ, கூண்டுக்கு இந்த உச்சிக் கயிறு அப்படி.

எதை வளைப்பது என்பதில் எனக்கு ஓரளவு பிடிவாதமான கருத்து உண்டு. வலைக்கு 4 மில்லிமீட்டர் துத்தநாகம் பூசிய கம்பி. சுருளாக வரும்போதே பாதி வளைந்திருக்கும். அதை விரித்தால் மட்டும் போதும். காற்றில் அசையும், அசைந்து திரும்ப நிற்கும். தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு அரைவட்டம் வரைந்து அதன்மேல் வைத்து எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு வளைத்துக்கொள்வேன். கண்ணளவில் வளைத்தால் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை என்று கூரை அலையடிக்கும். பாலித்தீன் தாளுக்கு இந்தக் கம்பி மெலிவு. அதற்கு அரை ஆள் உயர இரும்பு முளைகளைப் பாதி மண்ணில் அடித்து, மீதியின்மேல் பிவிசி குழாயைச் செருகி வளைத்துவிடலாம். குழாயை மண்ணில் நேரடியாகக் குத்தப் பார்த்து முனையை நசுக்கிக்கொண்டவர்களில் நானும் ஒருவன். பிவிசிக்கு இரண்டு குறைகள். வெயிலில் கிடந்து கிடந்து நொறுங்கும். அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் பாலித்தீன் தாளும் சீக்கிரம் பழுதாகும். தொடும் இடத்தில் பழைய துணியைச் சுற்றிவிட்டால் தாளின் ஆயுள் நீளும்.

மூங்கில் பிளாச்சு அழகாக இருக்கும். பச்சையாக இருக்கும்போதே வளைத்துவிட வேண்டும். கணுவையும் சிலாம்பையும் சீவாமல் விட்டால் வலை முதல் நாளே கிழியும். அழகுக்காக ஒரு முறை செய்தேன், இரண்டாம் முறை செய்யவில்லை.

போர்வையை அளப்பதில் பலரும் தவறுவது ஓரத்துக்கு விடாமல் வெட்டுவதில்தான். 1.57 மீட்டர் வளைவுக்கு இருபுறமும் 30 சென்டிமீட்டர் சேர்த்தால் 2.2 மீட்டர் அகலம் வேண்டும். நீளத்தில் 4 மீட்டர் பாத்திக்கு 6 மீட்டர். இரண்டு முனைகளிலும் பாய்மூட்டைபோல் சுருட்டிக் கட்ட வேண்டுமே. கூண்டின் உயிர் கூரையில் இல்லை, ஓரத்தில்தான் இருக்கிறது. பூச்சி கூரையைத் துளைத்து வருவதில்லை, ஓரத்துச் சந்தில் வருகிறது. காற்றும் அங்கேதான் கையை விட்டுத் தூக்குகிறது. கல் வைக்காதீர்கள், உரசி உரசித் தாளைக் கிழிக்கும், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் வாய் திறந்திருக்கும். ஒரு நீளப் பக்கத்தை மண்ணில் புதைத்துவிட்டு, மறுபக்கத்தை மட்டும் மண் நிரப்பிய நீளப் பைகளால் அழுத்துவது என் வழக்கம். களை எடுக்கவும் அறுவடை செய்யவும் அந்த ஒரு பக்கத்தைத் திறந்தால் போதும். திறப்பது சிரமமாக இருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தோன்றும். நாளைக்குப் பார்க்கலாம் என்று நினைத்த கூண்டுக்குள் என்ன நடக்கும் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

இப்போது அந்தத் தக்காளிக்குத் திரும்ப வேண்டும். வெயில் பாலித்தீன் வழியாக உள்ளே போய் மண்ணையும் இலையையும் சூடாக்குகிறது. அவற்றைத் தொட்ட காற்று சூடாகிறது. வெளியில் என்றால் சூடான காற்று மேலே போய்விடும், குளிர்ந்தது அந்த இடத்துக்கு வரும். கூண்டுக்குள் அதற்குப் போக வழி இல்லை. அரை மீட்டர் உயரக் கூண்டில் இருக்கும் காற்றின் அளவே மிகக் குறைவு, ஆகவே சூடேறவும் அதிக நேரம் ஆகாது. வெளியே குளிராக இருப்பது இதில் எந்த உதவியும் செய்வதில்லை. வானம் தெளிவாக இருந்தால் போதும், உள்ளே வெந்துவிடும்.

சரி, பகலில் வாங்கிக்கொண்ட அந்தச் சூட்டை இரவிலாவது பத்திரமாக வைத்திருக்கிறதா என்றால், அதுவும் நம்மை ஏமாற்றுகிறது. சாதாரண பாலித்தீன், மண் இரவில் வெளிவிடும் வெப்பக் கதிர்களைத் தடுக்காமல் போகவிட்டுவிடும். மேகமில்லாத, காற்றே இல்லாத இரவுகளில், விடியும் நேரத்துக்கு உள்ளே இருக்கும் குளிர் வெளியே இருப்பதற்கு ஏறக்குறைய சமமாகிவிடும்; சில சமயம் அதைவிட ஒரு படி கூடுதலாகவே இருக்கும். தாளின் உட்புறம் படியும் நீர்த்துளிகள் அந்த வெப்பத்தைக் கொஞ்சம் பிடித்து நிறுத்துகின்றன. அதனால் அவற்றைத் துடைத்துவிட வேண்டும் என்று தோன்றினால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். குளிர் உறைபனிக்குப் பக்கத்தில் வருமானால் கூண்டுக்குள்ளேயே செடியின்மேல் இன்னொரு மெல்லிய துணியைப் போர்த்துவது, தடித்த தாளுக்கு மாறுவதைவிட அதிகம் உதவும். நடுவில் அகப்பட்ட காற்றுதான் உண்மையான போர்வை.

இந்தத் திறந்து மூடும் வேலை புதியதல்ல என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ரோமப் பேரரசர் டைபீரியசுக்கு வெள்ளரிக்காய்மேல் அவ்வளவு ஆசை, அது இல்லாமல் அவருக்கு ஒரு நாளும் கழிந்ததில்லை என்று முதலாம் நூற்றாண்டில் ரோம எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். பேரரசரின் தோட்டக்காரர்கள் பாத்திகளையே சக்கரத்தில் ஏற்றி வெயிலுக்குத் தள்ளிக்கொண்டு போவார்களாம். குளிர்நாளில் ஒளி புகும் கல்தகடு பதித்த சட்டங்களுக்கு அடியில் இழுத்து வைப்பார்களாம். அது வெள்ளரியே அல்ல, நீளமான ஒரு முலாம்பழ வகை என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. எதுவாக இருந்தாலும், தினமும் தள்ளியதும் இழுத்ததும் யாரோ ஒருவரின் முதுகு. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரைச் சுற்றிக் காய்கறி விளைவித்தவர்கள் ஒவ்வொரு செடிக்கும் ஒரு கண்ணாடி மணியைக் கவிழ்த்து வைத்தார்கள். அதன் விளிம்பைத் தூக்கி நிறுத்த, படிபடியாக வெட்டிய ஒரு மரக்குச்சியையும் வைத்திருந்தார்கள். லேசான வெயிலுக்குக் கீழ்ப்படி, கடும் வெயிலுக்கு மேல்படி. பாலித்தீன் 1933இல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் தற்செயலாகக் கிடைத்தது. 1948இல் அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் எமர்ட் என்ற பேராசிரியர் கண்ணாடிக்குக் காசில்லாமல் செலோஃபேன் என்ற ஒளி புகும் தாளைப் போர்த்திப் பசுமைக்குடில் ஒன்றைக் கட்டினார். அதன் பிறகு பாலித்தீன் தாள் மலிந்தது. குச்சியைத்தான் எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

நான் அந்தக் குச்சியைச் செய்துகொண்டேன். தாளின் திறக்கும் ஓரத்தை ஒரு நீள மரச்சட்டத்தில் சுற்றி ஆணியடித்தேன். மூடும்போது சட்டத்தின் கனமே ஓரத்தைத் தரையில் அழுத்திக்கொள்ளும். திறக்க வேண்டுமானால் இரு முனையிலும் ஒவ்வொரு குச்சி. மூன்று படிகள், ஒரு சாண், இரண்டு சாண், மூன்று சாண் உயரத்தில். காலையில் சூரியன் பாத்தியைத் தொடும்போது முதல் படி. உள்ளே கையை விட்டால் வியர்க்கும் நேரத்தில் இரண்டாம் படி. தக்காளிப் பூவின் மகரந்தம் பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் செயலிழக்கத் தொடங்கும், பூ உதிரும். ஆகவே பூ எடுத்த பிறகு பகலில் மூன்றாம் படிக்கும் கீழே இறக்குவதே இல்லை. மாலையில் வெயில் முழுக்க இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் மூடினால், மீதமிருக்கும் சூடு உள்ளே தங்கும்.

குளிர் தொல்லை இல்லாத காலத்தில் பாலித்தீன் தாளைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. பூச்சிக்கென்றால் வலை, கடும் வெயிலுக்கென்றால் நிழல்வலை. நிழல்வலையில் 30 சதவீதம், 50 சதவீதம் என்று விற்பது, எவ்வளவு வெயிலைத் தடுக்கிறது என்ற கணக்கு. கீரைக்கும் புதிதாக நட்ட நாற்றுக்கும் 50 வரை போகலாம். காய்க்கிற செடிக்கு அவ்வளவு நிழல் கொடுத்தால் இலையாக வளர்ந்து நம்மைப் பார்த்துச் சிரிக்கும். நிழல்வலையைக் கூரைக்கு மட்டும் போட்டுப் பக்கங்களைத் திறந்தே விடுங்கள். நிழலுக்காகக் கட்டியதைப் புழுக்கத்துக்காகக் கட்டியதாக மாற்றிவிடாதீர்கள். நெய்யாமல் அழுத்திச் செய்த வெள்ளைப் பயிர்ப்போர்வைத் துணி நடுவழி. சதுர மீட்டருக்கு 17 கிராம் எடையுள்ளது சுமார் 85 சதவீத ஒளியை உள்ளே விடும். 50 கிராம் துணி ஏறக்குறைய பாதியைத் தடுத்துவிடும். கடுங்குளிர் இரவுகளுக்கு மட்டும் அது. இரண்டின் வழியாகவும் மழை இறங்கும், காற்றும் ஓரளவு போகும். சோம்பேறிகளுக்கும் மறதிக்காரர்களுக்கும் நான் பரிந்துரைப்பது மெல்லிய துணியைத்தான். அதற்குள் எதையும் வேகவைப்பது கடினம்.

பூச்சிவலையில் கண்ணின் அளவுதான் எல்லாம். வண்ணத்துப்பூச்சியையும் அந்துப்பூச்சியையும் தடுக்கக் கொசுவலைக் கண்ணே போதும். வெள்ளை ஈயின் உடல் நீளமே 1 மில்லிமீட்டர் அளவுதான். அதற்கு அங்குலத்துக்கு 40 முதல் 50 கண்கள் உள்ள வலை வேண்டும். தக்காளியிலும் மிளகாயிலும் இலைச்சுருள் நோயையும், வெண்டையில் நரம்பு மஞ்சளாகும் நோயையும் பரப்புவது வெள்ளை ஈதான். செடி சின்னதாக இருக்கும்போது நோய் பிடித்தால் காய்ப்புக்கு வழியே இல்லை. ஆகவே முதல் சில வாரங்கள் வலை போட்டாலே பெரிய லாபம். இலைப்பேனுக்கு இதுவும் போதாது, இன்னும் நுண்ணிய வலை வேண்டும். ஆனால் கண் சுருங்கச் சுருங்கக் காற்றும் சுருங்கும், உள்ளே வெப்பமும் ஈரமும் ஏறும். என் அனுபவத்தில் இலைப்பேனை வலையால் வெல்லப் பார்ப்பது வீண். இன்னொன்று: இலை வலையைத் தொட்டுக்கொண்டிருந்தால் பூச்சி வெளியில் உட்கார்ந்தபடியே அந்த இலையில் முட்டையிட்டுவிடும். கூண்டைச் செடியைவிட ஒரு கை அகலமாகப் போட்டதன் காரணம் அப்போதுதான் புரியும்.

இனி, நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்ட கூண்டின் கதை. முட்டைக்கோஸ் நாற்றுகளை நட்டு, நுண்வலை போட்டு, ஓரம் புதைத்து, பத்திரமாகிவிட்டது என்று பன்னிரண்டு நாட்கள் எட்டிப் பார்க்கவில்லை. சொட்டுநீர்க் குழாய் தண்ணீரைக் கவனித்துக்கொண்டது. பதின்மூன்றாம் நாள் திறந்தேன். ஒவ்வொரு குருத்திலும் சாம்பல் பூசியதுபோல், சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி. எப்படி நுழைந்தது? நுழையவில்லை. நாற்றோடு நானே கொண்டுவந்து விட்டிருக்கிறேன். அசுவினிக்கு ஆண் துணை தேவையில்லை. பெண் தன்னந்தனியாகவே உயிருள்ள குஞ்சுகளை ஈனும். வெதுவெதுப்பான நாட்களில் ஒரு வாரம் பத்து நாட்களில் அந்தக் குஞ்சு தாயாகிவிடும். வெளியே இருந்திருந்தால் பொறிவண்டும் அதன் புழுவும் மொய்த்துத் தின்று தீர்த்திருக்கும். அவற்றைத்தான் நான் நுண்வலை போட்டு வெளியே நிறுத்தியிருந்தேனே! வலையின்மேல் இரண்டு பொறிவண்டுகள் ஊர்ந்துகொண்டிருந்ததை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அழகாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து நாற்றை நடும் முன் இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்க்காமல் கூண்டுக்குள் விடுவதில்லை. வாரத்துக்கு ஒரு முறையாவது ஒரு முழுப் பக்கத்தைத் திறந்து உட்கார்ந்து பார்ப்பேன். அசுவினி கண்ணில் பட்டால் அன்று முழுவதும் திறந்தே விட்டுவிடுவேன்.

மண்ணுக்குள்ளும் இதே கதைதான். இலைதுளைப்பான், பழ ஈ, பல வெட்டுப்புழுக்கள் எல்லாம் கூட்டுப்புழுவாக மண்ணில்தான் கிடக்கின்றன. போன பருவம் தாக்குதல் இருந்த அதே பாத்தியில் அதே குடும்பப் பயிரை நட்டு வலை போட்டால், மண்ணிலிருந்து வெளிவரும் பூச்சிக்கு விருந்தும் வைத்துக் காவலும் போட்டதாக ஆகும். கூண்டு போடும் பாத்தியில் பயிரை மாற்றியே ஆக வேண்டும். நத்தைகளுக்கும் இந்த ஈர நிழல் மிகவும் பிடிக்கும். அவற்றுக்கு மாலையில் விளக்கும் கையும் தவிர வேறு வைத்தியம் எனக்கு வாய்க்கவில்லை.

வெள்ளரிக் கூண்டில்தான் அம்மா என்னைச் சரியாகப் பிடித்தார். கொடி செழித்துக் கூரையை நிரப்பியிருந்தது, மஞ்சள் பூ கொத்துக்கொத்தாக. ஆனால் பிஞ்சுகள் விரல் நீளம் வளர்ந்ததும் நுனி மஞ்சளாகிச் சுருங்கின. உரம் போதவில்லையோ, தண்ணீர் கூடிவிட்டதோ என்று நான் குழம்பிக்கொண்டிருந்தேன். அம்மா ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, “தேனீக்கு எந்தப் பக்கம் கதவு வைத்திருக்கிறாய்?” என்றார்.

வைக்கவில்லை. வெள்ளரியிலும் பூசணியிலும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பூவின் அடியில் குட்டிக் காய் இருப்பது பெண். நடுவில் தூது போக யாராவது வேண்டும். மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்க்கும் வெள்ளரி ரகங்களும் உண்டு, நான் நட்டது அவற்றில் ஒன்றல்ல. பூ தொடங்கியதும் வலையை எடுத்துவிடுவதுதான் நல்ல வழி. அதற்குள் கொடி வலுத்திருக்கும், ஓரளவு பூச்சியைத் தாங்கும். எடுக்க மனமில்லை என்றால் நாமே தேனீயாக வேண்டும். ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, பெண் பூவின் நடுவில் தடவ வேண்டும். பூசணிக்கு இதை விடிந்ததும் செய்ய வேண்டும், மதியத்துக்குள் பூ மூடிவிடும். பீர்க்கும் சுரையும் நேர்மாறு. அவை மலர்வதே மாலையில்தான். மூன்றையும் ஒரே பருவத்தில் கூண்டுக்குள் வைத்த வருடம் நான் காலையும் மாலையும் தோட்டத்தில் மண்டியிட்டுக் கிடந்தேன். கீரை, முட்டைக்கோஸ், முள்ளங்கி போல இலைக்கும் கிழங்குக்கும் வளர்ப்பவற்றுக்கு இந்தப் பாடே இல்லை. அவற்றை அறுவடை வரை மூடியே வைக்கலாம். முதன்முதலாகக் கூண்டு போடுகிறவர்கள் அவற்றிலிருந்து தொடங்குவது நல்லது. நான் தக்காளியில் தொடங்கினேன், கதை உங்களுக்குத் தெரியும்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு புயல் இரவில் கூண்டு முழுவதும் தாளோடு எழும்பி வேலிக்கு அப்பால் போய் விழுந்தது. இப்போது போர்வைக்கு மேலேயும் கயிறு ஓட்டுகிறேன். ஒரு வளையத்தின் இடது காலில் தொடங்கி அடுத்ததன் வலது காலுக்கு என்று குறுக்கும் நெடுக்குமாக. கட்டிலுக்குக் கயிறு இழுத்தது போல் இருக்கும். அதன் பிறகு எதுவும் பறக்கவில்லை. பூனை மட்டும், இரண்டு கயிறுகளுக்கு நடுவில் துணி லேசாகத் தொங்கும் இடம் தனக்காகவே செய்யப்பட்ட ஊஞ்சல் என்று முடிவு செய்துவிட்டது. கீழே இருந்த முள்ளங்கி இலைகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தே வளர்ந்தன.

இந்தப் பருவத்தில் மீண்டும் தக்காளி. பாலித்தீன் தாள், ஏழு வளையம், உச்சிக் கயிறு, இரண்டு குச்சி. நாற்று நட்டு ஒன்பது நாட்களாகின்றன, பதினாறும் நிற்கின்றன. இன்று காலை கொஞ்சம் அதிகமாகத் தூங்கிவிட்டேன். சூரியன் ஏறிவிட்டதைப் பார்த்து, செருப்புகூடப் போடாமல் ஓடினேன். சட்டம் ஏற்கெனவே இரண்டாம் படியில் ஏறி நின்றது. அம்மா பாத்தியின் மறுமுனையில் குனிந்து, ஓர் இலையைத் திருப்பி அடிப்புறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.